மீட்டர் மெதுவாக ஓடினால் பாக்கி யாருக்கு?



அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் ஒரு முழு அத்தியாயமே அவர்கள் பெயரால் இறங்கியிருக்கிறது. 83வது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அந்த மக்கள் அளவையில் மிக மோசமாக இருந்தார்கள், இந்த வசனங்கள் இறங்கிய பிறகு திருத்திக்கொண்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இப்னு மாஜாவில் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தை ஓதும்போது நம் மனதில் கடைக்காரர்தான் வருவார். தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டியவர், படிக்கு உள்ளே மெழுகு வைத்தவர். ஆனால் வசனத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலில் சொல்லப்படுவது விற்பவனின் குணமல்ல, வாங்குபவனின் குணம். தான் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொள்கிறான், தான் கொடுக்க வேண்டிய இடத்தில் குறைத்துவிடுகிறான். வாங்குபவர் என்ற இடத்தில் நாம் எல்லோரும்தான் நிற்கிறோம். அரிசி வாங்குகிறோம், பெட்ரோல் வாங்குகிறோம், மின்சாரமும் வாங்குகிறோம். மின்சாரத்துக்குத் தராசு நம் வீட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறது. அந்தத் தராசு குறைவாகக் காட்டினால் லாபம் நமக்கு.

இதைப் பேசக் காரணம், இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகவிருக்கும் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர். கடன்களை எல்லாம் முடித்து, சொந்தக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு முடித்தவர், கடைசியாக ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டில் மீட்டர் மாற்றினார்கள். அதுவரை இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 520 யூனிட் வந்தது. மாற்றியதிலிருந்து 260ஐத் தாண்டவில்லை. அதே ஏசி, அதே ஃப்ரிட்ஜ், அதே ஆட்கள்.

“ஹஜ்ரத், மீட்டர் அவங்களோடது. மாட்டினதும் அவங்க. நான் ஒயரைத் தொட்டதே இல்லை. எனக்கு இதுல குற்றம் உண்டா?” என்று கேட்டார்.

கேள்வி நேர்மையானது. பதிலை இரண்டாகப் பிரித்துச் சொன்னேன். தெரியாமல் இருந்த நாட்களுக்குக் குற்றம் இல்லை பாய், ஆனால் பாக்கி உண்டு. குற்றம் வேறு, பாக்கி வேறு. தூக்கத்தில் புரண்டு ஒருவருடைய பானையை உடைத்துவிட்டால் பாவம் எழுதப்படாது. பானைக்கு உண்டான விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அறியாமை பாவத்தை நீக்கும், அடியார்களுடைய ஹக்கை நீக்காது. இது ஃபிக்ஹின் அடிப்படை.

அரபிக் கல்லூரிகளில் ஆரம்ப வருடங்களில் ஓதித் தரப்படும் குதூரீ என்ற கிதாபில் வியாபாரப் பாடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது. தானியக் குவியல் ஒன்றை நூறு கஃபீஸ் என்று பேசி நூறு திர்ஹத்துக்கு ஒருவர் வாங்குகிறார். கஃபீஸ் என்பது அந்தக் கால முகத்தல் அளவு. வீட்டுக்குக் கொண்டுபோய் அளந்தால் நூறுக்கு மேல் இருக்கிறது. கூடுதலாக இருப்பது யாருக்கு? விற்றவருக்கு. அளந்து விற்கும் பொருளில் விலை அளவுக்குத்தான். அளவுக்கு மேல் வந்தது விற்பனைக்குள் நுழையவே இல்லை. விற்றவர் தவறாக எண்ணினார் என்பதற்காக அது வாங்கியவரின் சொத்தாகிவிடாது. ஓதும் நாளில் இதைக் கணக்குப் பாடம் மாதிரிப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு யூனிட் மின்சாரமும் அப்படி அளந்து விற்கும் பொருள்தான்.

“பில்லில் வந்த தொகையைக் கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது” என்று சிலர் சொல்லலாம். இதற்குப் பதிலாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸை நினைவூட்டுகிறேன். வழக்கோடு வருபவர்களில் ஒருவர் மற்றவரை விட வாதத்திறமை உள்ளவராக இருக்கலாம், தாம் கேட்பதை வைத்தே தீர்ப்புச் சொல்வதாகவும், அப்படித் தம் தீர்ப்பால் ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமை கிடைத்துவிட்டால் அது நெருப்புத் துண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அல்லாஹ்வின் தூதருடைய தீர்ப்பே ஒருவர் உண்மையை மறைத்தால் அடுத்தவர் பொருளை அவருக்கு ஹலாலாக்காது என்றால், சுவரில் தொங்கும் ஒரு பெட்டி காட்டும் எண் எப்படி ஹலாலாக்கும்? மீட்டர் சாட்சி மட்டுமே. நாம் செலவழித்தது எவ்வளவோ அதுதான் நாம் கொடுக்க வேண்டியது.

“அது அரசாங்கத்துடையது, நம்மை என்ன நேர்மையாகவா நடத்துகிறார்கள்?” என்றும் கேட்கிறார்கள். ஹிஜ்ரத் இரவை நினைத்துப் பாருங்கள். கொல்லத் திட்டமிட்டு வாசலில் நின்ற குறைஷிகளின் அமானிதங்கள் நபி (ஸல்) அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டுத்தான் புறப்பட்டார்கள். எதிரியின் பொருளுக்கே அந்தக் கணக்கு. மின் இணைப்புக்கு விண்ணப்பித்தபோது உபயோகித்ததற்குப் பணம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தவிர, மின்சாரக் கணக்கில் விழும் ஓட்டை கட்டண உயர்வாகவோ மானியமாகவோ எல்லாத் தலையிலும்தான் வந்து விழுகிறது, ஒற்றை பல்ப் எரியும் வீடு உட்பட. ஒரே ஒரு ஆளிடம் தவறு செய்தால் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாம். இத்தனை பேரை எங்கே போய்த் தேடுவது?

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 100 யூனிட் இலவசத்தை உபயோகிக்கலாமா என்று ஒரு பேணுதலான சகோதரர் கேட்டார். தாராளமாக. 2016லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை அரசே அறிந்து, அறிவித்துத் தருகிறது. கொடுப்பவர் தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் இழப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் அன்பளிப்புக்கும் அபகரிப்புக்கும் உள்ள வேறுபாடு.

சரி, பில் குறைந்துவிட்டது என்பதாலேயே மீட்டர் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் கட்டளை. குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருப்பீர்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30, 35 வாட்டில் ஓடும். மகள் புகுந்த வீட்டுக்குப் போயிருப்பாள். ரீடிங் எடுக்க வந்த அன்று வீடு பூட்டியிருந்து சராசரி போட்டிருப்பார்கள், அது அடுத்த பில்லில் நேராகும். இவற்றை எல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் கணக்கு இடித்தால்தான் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

நம் மஹல்லாவில் எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் சகோதரரிடம் கேட்டு இந்தச் சோதனையைத் தெரிந்துகொண்டேன். இப்போதைய மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்பதை மீட்டரின் முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள், 1600 அல்லது 3200 என்பது போல. வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் உட்பட. விளக்கு சிமிட்டுவது நிற்க வேண்டும். பிறகு 1000 வாட் ஹீட்டர் ராடு ஒன்றை மட்டும் வாளித் தண்ணீரில் வைத்துப் போடுங்கள். ராடு ஓடும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். 3200 என்று எழுதிய மீட்டரானால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 53 முறை சிமிட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை வைத்து இதைச் செய்யக் கூடாது, அது சூடானதும் தானாக நின்று நின்று ஓடும்.

53 வரவில்லை, 45தான் வந்தது என்றால் பதற வேண்டாம். தெருவில் வோல்டேஜ் 230க்குப் பதில் 210 இருந்தால் 1000 வாட் ராடு 830 வாட் அளவுக்குத்தான் இழுக்கும், மீட்டர் சரியாகவே 44 காட்டும். ஆனால் 25 வந்தால், அல்லது ராடு ஓடும்போதும் விளக்கு அசையவே இல்லை என்றால், அது மீட்டரின் கோளாறாகவோ இணைப்பின் கோளாறாகவோ இருக்கும். மூன்று ஃபேஸ் மீட்டர் உள்ள வீடுகளில் ஒரு ஃபேஸின் இணைப்பு மீட்டருக்குள் தளர்ந்துவிட்டால் அந்த ஃபேஸில் ஓடுவது பதிவாகாது. மாடியில் ஏசி ஓடும், மீட்டருக்குத் தெரியாது. பழைய சக்கர மீட்டர்களில் வயதாக ஆக உராய்வு கூடி, சிறிய உபயோகத்துக்குச் சக்கரம் சுற்றாமலே நிற்கும்.

மீட்டரின் சீலை மட்டும் யாரும் தொடாதீர்கள். சரிபார்க்கிறேன் என்று நல்ல எண்ணத்தில் திறந்தாலும் பிறகு அந்த எண்ணத்தை நிரூபிக்க முடியாது. மீட்டரை மெதுவாக்கித் தருகிறேன் என்று வருபவரைப் பற்றி மிம்பரில் பேச வேண்டியதே இல்லை, அது திருட்டு. கூலி கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அதே பெயர்தான்.

பெரியவர் சோதித்தார். நிமிடத்துக்கு 24 வந்தது. அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான பயம் வெளியே வந்தது. “நானே போய்ச் சொன்னா திருட்டுக் கேஸ் எழுதிட்டா? பாஸ்போர்ட்டு, ஹஜ்ஜு எல்லாம் போயிடுமே ஹஜ்ரத்” என்றார். சொல்லும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். தெரிந்தே மௌனமாக இருப்பவர்களில் பேராசையால் இருப்பவர்களை விட இந்தப் பயத்தால் இருப்பவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

2003ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 135வது பிரிவு திருட்டைப் பற்றியது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் அந்தப் பிரிவு நேர்மையற்ற நோக்கத்தோடு கொக்கி போடுவதையும் மீட்டரைத் திருத்துவதையும் பற்றிப் பேசுகிறது. தானாகப் பழுதான மீட்டர் அதில் வராது. அதற்குத் தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பு, 2004, வேறு வழி வைத்திருக்கிறது: திருட்டுச் சந்தேகம் இல்லாத நிலையில், மீட்டர் பழுதாவதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை எடுத்துக் கணக்கிடுவது. அபராதம் இல்லை, உபயோகத்துக்கு உண்டான தொகைதான். யாரும் பிடிப்பதற்கு முன் நீங்களே எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கி வைத்திருப்பது உங்கள் நோக்கத்துக்குச் சாட்சி. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282வது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். எழுதி வைப்பது இருவருக்கும் பாதுகாப்பு.

எனவே பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு. மின் இணைப்பு எண், மீட்டர் மாற்றிய மாதம், அதற்கு முன்னும் பின்னும் வந்த யூனிட்டுகள், மீட்டரைச் சோதித்துப் பழுதென்றால் மாற்றும்படி கோரிக்கை. இவ்வளவு போதும். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் புகார் பதியலாம், பதிவு எண் கொடுப்பார்கள். அதையும் குறித்து வைக்க வேண்டும். அலுவலகத்தில் யாராவது “பில் கம்மியாத்தானே வருது, ஏன் பாய் புகார் கொடுக்கறீங்க?” என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் செய்தியை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் எடுத்துச் சொல்கிறார்கள். அவருடைய பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி, பணம் வாங்கிக்கொள்ள உரிமையாளரையும் கூட்டி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), உன் குதிரை 300ஐ விடப் பெறுமே, 400க்குத் தருகிறாயா என்றார்கள். பிறகு 500. இப்படியே நூறு நூறாக வாங்குபவரே விலையை ஏற்றி 800 கொடுத்து வாங்கினார்கள். கேட்டவர்களுக்கு, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் தாம் பைஅத் செய்திருப்பதைக் காரணமாகச் சொன்னார்கள். அங்கே விற்றவர் 300க்கே மனமொப்பி இருந்தார், ஹராம் ஒன்றும் இல்லை. நம் விஷயத்தில் விற்றவருக்கு எவ்வளவு போகிறது என்பதே தெரியாது. நம் கேள்வி அதை விட எளிது.

பழைய பாக்கிக்கு வருவோம். துல்லியமான எண் கிடைக்காது. அப்படியானால் மிகைத்த எண்ணத்தின்படி கணக்கிடுவது ஃபிக்ஹின் வழி. பெரியவரின் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் குறைகிறது. மூன்று வருடத்தில் 18 பில். மொத்தம் 4,680 யூனிட். இதில் கவனிக்க வேண்டியது, நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. 520 உபயோகித்தவருக்கு 260 என்று பில் போட்டதில் விடுபட்டது 260 யூனிட்டின் விலை மட்டுமல்ல, அடுக்கு மாறியதால் மீதி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்துதான்.

இவ்வளவையும் வாரியம் கேட்குமா? கேட்காமலும் போகலாம். மின்சாரச் சட்டத்தின் 56வது பிரிவு, முதன்முதலில் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து இரண்டு வருடம் கடந்த தொகையை, நிலுவை என்று தொடர்ந்து காட்டிவராவிட்டால் வசூலிப்பதற்குத் தடை சொல்கிறது. அது நீதிமன்றக் கணக்கு. உஸ்மானிய ஆட்சியில் ஹனஃபீ மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட மஜல்லாவிலும் குறிப்பிட்ட வருடங்கள் கடந்த வழக்கை நீதிபதி கேட்கமாட்டார் என்று இருக்கிறது. ஆனால் அதே நூலின் 1674வது விதி, காலம் கடப்பதால் உரிமை அழிவதில்லை, கடன்பட்டவர் ஒப்புக்கொண்டால் அது நிற்கும் என்கிறது.

என் கருத்து இது: நீங்கள் எந்த மாதத்திலிருந்து குறைகிறது என்பதை மறைக்காமல் முழுவதும் எழுதிக் கொடுத்து, வாரியம் அதைப் பரிசீலித்து ஒரு தொகையை நிர்ணயித்து, அதைக் கட்டிவிட்டால், உரியவரின் பொறுப்பாளரே கணக்கை முடித்துவிட்டார், உங்கள் கழுத்திலிருந்து இறங்கிவிட்டது. காலத்தை மறைத்துச் சிறிய தொகையில் முடித்தால் இறங்கவில்லை. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்டு எழுதலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இதில் இரண்டு குறுக்கு வழிகளைச் சிலர் சொல்கிறார்கள். ஒன்று, அந்தத் தொகையைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடுவது. உரியவர் யாரென்று தெரியாத பொருளைத்தான் அவர் பெயரால் ஸதகா செய்ய வேண்டும். இங்கே உரியவரின் அலுவலகம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. இன்னொன்று, இணைப்பு எண்ணில் முன்பணமாகக் கட்டிவிடுவது. முன்பணம் உங்களுடைய அடுத்தடுத்த பில்லில்தான் கழியும். உங்கள் பணத்தை உங்களுக்கே கொடுத்துக்கொண்டதாக ஆகும். டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனவர் அதே தொகைக்கு டிக்கெட் வாங்கிக் கிழித்துவிடட்டும் என்று நம் நாட்டு உலமாக்கள் சொல்லிவந்த வழி அழகானது. ஆனால் கரண்டுக்குக் கிழிக்க டிக்கெட் இல்லை. மனுதான் ஒரே வழி. முறையாக எழுதியும் பழைய தொகையை வாங்க மறுத்துவிட்டால் மட்டும், அந்த ஒப்புகைகளோடு முஃப்தியிடம் போய்த் தனியாகக் கேளுங்கள்.

பெரியவர் ஹஜ்ஜைத் தள்ளிப்போட வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம். மனு கொடுத்துவிட்டார், தொகை இன்னும் கேட்கப்படவில்லை, கட்ட வசதியும் மனமும் இருக்கிறது. புறப்படுவதற்குள் பதில் வராவிட்டால், இத்தனை யூனிட் பாக்கி, மனு எண் இது, பணம் இங்கே இருக்கிறது என்று வஸிய்யத்தில் எழுதி மகன் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். வஸிய்யத் செய்ய விஷயம் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு நமக்கெல்லாம் தெரிந்ததே. தெரிந்தும் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியிருப்பவருக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறீர்கள். அங்கே விற்பவர் நீங்கள், தராசு உங்களுடையது. அதை எப்போதாவது சோதித்ததுண்டா? வேகமாக ஓடினால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் இரண்டு பக்கமும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடும்: வாரியத்துக்குக் குறைத்துக் கொடுப்பதும், வாடகைக்காரரிடம் கூட்டி வாங்குவதும்.

பள்ளிவாசல் மீட்டரையும் பார்த்துவிடும்படி முத்தவல்லி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இன்று அஸருக்குப் பிறகு எலக்ட்ரீஷியன் சகோதரர் பள்ளியில் இருப்பார். உங்கள் மீட்டரின் முகப்பைப் போனில் படம் எடுத்து, கடந்த ஒரு வருடப் பில் விவரத்தோடு வாருங்கள். மனு எழுதச் சிரமப்படுபவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். வெள்ளைத் தாளும் ஆதார் நகலும் மட்டும் கொண்டுவந்தால் போதும்.